எங்க இருந்து சொல்லணும்?

போன ஆவணியில பாளையங்கோட்டையில ஒரு கல்யாணம். என்கூட வேலை பாத்த போட்டோகிராபர் வீட்டு விசேஷம்ங்கிறதால பழைய பிரஸ் ஆளுங்க பூரா மறுவீட்டுப் பந்தியில ஒண்ணா உக்காந்திருந்தோம், இலையில சொதி, இஞ்சித் துவையல்னு வழக்கமான மறுவீட்டுச் சாப்பாடு. பக்கத்து இலையில எங்க அண்ணாச்சி. முப்பது வருசமா இந்த மாவட்டத்துச் செய்திய எழுதுறவங்க, ஒரு செய்திய எந்த வரியில ஆரம்பிக்கணும்னு எனக்குக் கத்துக் குடுத்தவங்க. சோத்துல குழி பறிச்சு சொதிய ஊத்திக்கிட்டே ரொம்ப சாதாரணமா கேட்டாவ, “ஏம்மா, நெசத்த எழுதிக்கிட்டிருந்த பிள்ள, இப்படிப் பொய்க்குப் போயிட்டியே, மனசு ஒப்புதா?” கேலியும் இல்ல, கோவமும் இல்ல. கட்டிக் குடுத்த பொண்ணுகிட்ட அந்த ஊர்ல தண்ணிக் கஷ்டம் உண்டான்னு விசாரிப்பாங்கள்ல, அப்படித்தான் கேட்டாவ. அதனாலயே எனக்குப் பதில் வரல. மோர் வந்தது, அப்பளம் வந்தது, பேச்சு வேற பக்கம் போயிடுச்சு. கைகழுவப் போறப்ப மறுபடி சொன்னாவ, “நம்மூர் புதுமைப்பித்தனும் பத்திரிகைய விட்டு சினிமாவுக்கு எழுதப் போனவருதான், படத்துக்காகப் புனே வரைக்கும் போனாரு, காசநோய் முத்தி 1948-ல செத்தப்ப 42 வயசு. ஒடம்பப் பாத்துக்க.” கடைசியில ஒடம்பப் பாத்துக்கன்னுதான் முடிச்சாவ, அது அவங்க பாசம்.

செய்தியில இருந்து நடிக்க வந்தவ நான் ஒருத்தி இல்ல. ஃபாத்திமா பாபு தூர்தர்ஷன்ல செய்தி வாசிச்சவங்க, பிரியா பவானி சங்கர் புதிய தலைமுறையில வாசிச்சவங்க, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அவங்கள ஜனங்க ஏற்கனவே ஸ்கிரீன்ல பாத்துப் பழகியிருந்தாங்க. நான் மைக்குக்கு இந்தப் பக்கம், ரோட்டுல நின்னவ. என் மூஞ்சி யாருக்கும் தெரியாது, என் கை மட்டும்தான் மைக்கப் பிடிச்சுக்கிட்டு டிவியில வரும். அந்தக் கையப் பத்தித்தான் இங்க சொல்ல வேண்டியிருக்கு.

திங்கக்கிழமை

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், எனக்கு ரிப்போர்ட்டிங் வேலை ரொம்பப் பிடிக்கும். வெறுத்துப்போயி விட்டேன்னு யாராவது நினைச்சா அது தப்பு. திங்கக்கிழமை காலையில கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்க வர்ற கூட்டத்துல நிக்கிறது மாதிரி ஒரு படிப்பு எந்த யுனிவர்சிட்டியிலயும் கெடையாது. 2017 அக்டோபர் 23, அதுவும் ஒரு திங்கக்கிழமை, கந்துவட்டிக் கொடுமையில ஒரு குடும்பமே, சின்னப் பிள்ளைங்க ரெண்டு உட்பட, அந்த வளாகத்துலயே எரிஞ்சு போச்சு. நான் அப்ப அபிஷேகப்பட்டியில, மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டியில தொடர்பியல் படிச்சிக்கிட்டிருந்தேன். அந்தப் படம் எல்லார் போனுக்கும் வந்தது. எங்க வகுப்புல ஒரு வாரம் வேற பேச்சே இல்ல, படம் எடுக்கிறவன் எந்த நிமிசத்துல கேமராவக் கீழ வைக்கணும்னு. முடிவுக்கு வரவே இல்ல. அப்புறம் நான் வேலைக்கு வந்தப்ப கேட்டுல போலீஸ் ஒவ்வொரு பையையும் தொறந்து பாட்டில மோந்து பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க. வயசான ஆச்சிங்க தண்ணி பாட்டிலக் கூட பயந்து பயந்து நீட்டுவாங்க.

அந்தக் கூட்டத்துல இருந்து நான் எழுதுன ஒரு செய்தி எனக்கு இன்னைக்கும் பெருமை. எங்க ஊரு முக்கூடல், அதுக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துக்குக் காலையில வந்துக்கிட்டிருந்த டவுன் பஸ்ஸ நிறுத்திட்டாங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மூணு கிலோமீட்டர் நடக்குதுங்க. நான் அந்தப் பிள்ளைங்ககூட நடந்து போய் எழுதுனேன். ஒம்பதாவது நாள் பஸ் வந்துடுச்சு. அந்த டிரைவர் எனக்காக ஒரு ஹாரன் அடிச்சாரு பாருங்க, எந்தப் படத்துலயும் எனக்கு அப்படி ஒரு கைதட்டல் கெடைக்கல. இதுவரைக்கும் நான் நடிச்ச எதுவும் யாருக்கும் ஒரு பஸ்ஸக் கொண்டாந்து விட்டதில்ல. அண்ணாச்சி கேட்ட கேள்வியில நியாயம் இருக்குன்னு நான் ஒத்துக்கிறது இந்த இடத்துலதான்.

அந்த வெள்ளம்

அப்புறம் டிவிக்கு மாறுனேன். சேனல் பேரு வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமாச்சு, குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிடுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான சனத்தோட அப்படியே நின்னுச்சு. தாமிரபரணியோட கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம், அதுக்குக் கீழ இருக்கிற ஊருங்களுக்கு மொத ரெண்டு நாள் யாரும் போக முடியல. நாலாவது நாள்தான் நானும் கேமராமேனும் ஏரல் பக்கம் ஒரு ஊருக்குள்ள போனோம். வாழை பூரா சேத்துல படுத்துக் கெடந்தது. வீட்டுச் சுவத்துல என் தலைக்கு மேல ஒரு முழ ஒசரத்துல தண்ணி நின்ன கோடு.

அங்க ஒரு அக்கா, ஐம்பது வயசு இருக்கும், வாசல்ல ஈரத் துணிய மலை மாதிரி குமிச்சு வச்சு ஒவ்வொண்ணா உதறிக்கிட்டிருந்தாவ. பதினோரு ஆடு வச்சிருந்திருக்காவ. ராத்திரி தண்ணி வாசப்படி ஏறுனப்ப மாமியாரத் தூக்கிக்கிட்டு மாடி வீட்டுக்கு ஓடுனவங்க திரும்பி வர முடியல. நான் மைக்க நீட்டுனேன். “கட்டித்தான் போட்டிருந்தேன்மா. கயித்த அவுத்து விட்டிருந்தா நீந்தி எங்கயாவது கரையேறியிருக்கும். அவுக்கலியே. ஒரு நிமிசம் ஆவுமா அவுக்க? அவுக்கலியே”ன்னு சொல்லிக்கிட்டே, அவங்களுக்கே தெரியாம, கையில இருந்த சேலை நுனியில ரெண்டு கையும் ஒரு முடிச்ச அவுத்துக்கிட்டே இருந்துச்சு. அங்க முடிச்சே கெடையாது. விரல் மட்டும் அவுக்குது. அப்புறம் அழுதாவ, சத்தமே இல்லாத அழுகை, தோள் மட்டும் குலுங்குனது.

பின்னாடி இருந்து கேமராமேன் என் தோளத் தட்டுனான். ஆடியோ வரல. மைக் ஒயர்ல ஈரம். இன்னொரு மைக் மாட்டுனான், கட்டை விரலத் தூக்கிக் காட்டுனான்.

நான் கேட்டேன். “அக்கா, சவுண்டு பதியல. இன்னொரு தரம் சொல்றியளா?”

இந்த ஒரு வரிய நான் எத்தனை ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. அவங்க என்னைத் திட்டியிருக்கலாம், போயிட்டு வாங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். ரெண்டும் செய்யல. மூக்கத் தொடச்சாவ, அவுந்திருந்த முடிய அள்ளி முடிஞ்சாவ, முந்தானைய இழுத்து சரி செஞ்சாவ, என்னை நிமிந்து பாத்து, “எங்க இருந்து சொல்லணும்?”னு கேட்டாவ. அவ்வளவு பணிவா. சேனல்காரி சொன்னா நிவாரணம் வரும்ங்கிற நம்பிக்கையில கேட்ட கேள்வி அது. நானும் சொன்னேன், “ஆட்டுல இருந்து சொல்லுங்கக்கா.” சொன்னாவ. அதே வார்த்தை, அதே வரிசை. ஆனா இந்தத் தடவை கை ரெண்டும் மடியில சும்மா கெடந்துச்சு. அழுகை மட்டும் வந்துச்சு, சத்தமா வந்துச்சு. ராத்திரி ஏழு மணி செய்தியில பதினோரு செகண்டு போட்டாங்க. அழுகைய வச்சுக்கிட்டு கயித்த வெட்டிட்டாங்க.

டெஸ்க்குல இருந்தவங்கள நான் குறை சொல்லல, அவங்களுக்கு அன்னைக்கு நாப்பது ஊரு, நாப்பது அழுகை. ஆனா அந்த அக்கா சொல்ல வந்தது கயிறுதான். ஆடு போனத விட கயித்த அவுக்காம வந்ததுதான் அவங்கள தின்னுக்கிட்டிருந்துச்சு, அது போகல. அதப் போட எனக்கு ஒரு இடமும் இல்ல. ரெண்டு மாசம் அப்படியே சுமந்துக்கிட்டு திரிஞ்சேன், மாசி பொறந்ததும் வேலைய விட்டேன்.

கழிவு

அம்மா பீடி சுத்துறவ. எங்க ஊர்ல பாதி வீட்டுல அதுதான் அடுப்பு எரிய வச்சது, என் படிப்பு பூரா அம்மா மடியில இருந்த அந்தச் சொளவுல, மொறத்துல இருந்து வந்தது. வேலைய விட்டுட்டேன், மெட்ராஸ் போயி நடிக்க முயற்சி பண்ணப் போறேன்னு சொன்னப்ப அம்மா தலை தூக்கல. இலைய சுருட்டி, தூள வச்சு, தலைய மடக்கி, நூல ரெண்டு சுத்து சுத்தி இழுத்து, ஒரு பீடிய சொளவுல போட்டா. இன்னொண்ணு. பத்து பீடி ஆனப்புறம், “ஏட்டி, அங்க கழிவு எவ்வளவு போவும்?”னு கேட்டா. பீடிக்கடையில கணக்குக் குடுக்கப் போறப்ப செக்கர் கையில எடுத்துப் பாத்து சரியில்லாததக் கழிச்சுப் போட்டுருவாரு, அதுக்குக் கூலி கெடையாது. அம்மா நாப்பது வருசமா கழிவுக்குப் பயந்தவ. நெறைய போவும்மான்னு சொன்னேன். “அப்ப கூடுதலா சுத்து”ன்னா. எனக்கு அதுதான் உத்தரவு.

கழிவு நெறையவே போச்சு. சாலிகிராமத்துலயும் வளசரவாக்கத்துலயும் ஆபீஸ் ஆபீஸா ஏறி போட்டோ குடுக்கிறது, செல்ஃபோன்ல நடிச்சு அனுப்புறது, லுக் டெஸ்ட் வரைக்கும் போயி அப்புறம் போனே வராம இருக்கிறது, இதெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. முதல் வேஷம் கெடைச்சது என் அம்மாவாலதான். அம்பாசமுத்திரம் பக்கம் ஷூட்டிங், பீடி சுத்துற பக்கத்து வீட்டுப் பொம்பளை, ரெண்டே சீன். வேற ஒருத்தங்க பத்து நாள் பழகியிருந்தாங்க, பாவம், சுத்துனா வசனம் நின்னுடும், பேசுனா கை நின்னுடும். நான் சொளவ மடியில வச்சு, கண்ண ஹீரோயின் மேல வச்சு, கைய அது பாட்டுக்கு விட்டு வசனம் பேசுனேன். ஒரே டேக். டைரக்டர் பக்கத்துல வந்து சொளவுல இருந்த பீடிய எடுத்துப் பாத்தாரு. கழிவு இல்ல.

ஒண்ணு இங்க சொல்லியே ஆகணும். நெல்லைத் தமிழ்னா வார்த்தைக்கு வார்த்தை ‘லே’ சேக்கிறதுன்னு ரொம்பப் பேரு நினைச்சுக்கிட்டிருக்காங்க. பொம்பளைய யாரும் ‘லே’ன்னு கூப்பிட மாட்டாவ. ‘ஏட்டி’, ‘ஏளா’, மரியாதைன்னா ‘வாங்க மைனி, இருக்கியளா’. எனக்கு எழுதிக் குடுத்த வசனத்துல என் மாமியார் என்னை ‘லே’ங்கிறாங்க. அசிஸ்டென்ட் டைரக்டர் தம்பிகிட்ட சொன்னேன், அவன் அப்பவே பேனாவ எடுத்து மாத்துனான். பத்திரிகையில ஒரு திருத்தம் போடுறதுக்கு இருக்கிற அதே சந்தோஷம் எனக்கு அதுல இருந்துச்சு. நெசம்ங்கிறது சில நேரம் அந்த அளவுக்குச் சின்னது, ஒரு எழுத்துல இருக்கு.

ஏழு தடவை

ரெண்டாவது வருசம் ஒரு வெப் சீரிஸ். அதுல ஆடும் இல்ல, வெள்ளமும் இல்ல. சண்டை போட்டுக்கிட்டு ஊர விட்டுப் போன மகன் திரும்ப வரவே மாட்டான்னு தெரிஞ்சுக்கிற அம்மா. நாலு வரி வசனம், திண்ணையில உக்காந்து சொல்லணும். மானிட்டர் பாத்தாங்க, லைட் ரெடி, கிளாப் அடிச்சாச்சு. மூணாவது வரியில என் கை முந்தானை நுனிய எடுத்து, இல்லாத முடிச்ச அவுக்க ஆரம்பிச்சுது. நான் நினைச்சுச் செய்யல. சத்தியமா நினைச்சுச் செய்யல. கட் சொன்னப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசல, லைட்மேன் அண்ணன் ஒருத்தர் மேல இருந்து எறங்கி வந்து என் பக்கத்துல தண்ணிய வச்சுட்டுப் போனாரு.

ஆனா ஃபோகஸ் போயிடுச்சாம். “ஒன் மோர் போலாம்மா”ன்னாரு டைரக்டர். நான் மூக்கத் தொடச்சேன், முந்தானைய சரி பண்ணுனேன், “எங்க இருந்து சார்?”னு கேட்டேன். கேட்ட அடுத்த நொடி உடம்பு பூரா சில்லிட்டுப் போச்சு. அது என் குரலே இல்ல. ஏரல் பக்கத்து அந்த வாசல்ல கேட்ட குரல்.

மாஸ்டர், மிட், குளோஸ், எதிர்ல இருக்கிறவங்க தோளோட ஒரு சஜஷன், மொத்தம் ஏழு தடவை போச்சு. கன்டினியூட்டி பாக்கிற பொண்ணு ஒவ்வொரு தடவையும் வந்து, “அக்கா, முடிச்சு எந்த வார்த்தையில அவுந்துது?”ன்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டா. ‘வரமாட்டான்’ங்கிற வார்த்தையில. ஏழு தடவையும் அந்த வார்த்தையிலயே அவுத்தேன். எனக்கு அன்னைக்கு என்ன புரிஞ்சுதுன்னா, அந்த அக்காவோட கை ரெண்டாவது தடவை சும்மா கெடந்தது தப்பே இல்ல. நெசமா அழுறவங்களுக்கு அது ஒரு தடவைதான் வரும். மறுபடி மறுபடி அதே இடத்துல அவுக்கிறது ஒரு வேலை, அதுக்குப் பழகணும், அதுக்குக் கூலி வாங்கணும், அத வீடு இழந்து நிக்கிறவகிட்ட கேக்கக் கூடாது. நான் கேட்டேன். அன்னைக்கு அந்த மைக் ரிப்பேர் ஆனத அப்படியே ஏத்துக்கிட்டு, கயித்தப் பத்தி நானே ரெண்டு வரி சொல்லி முடிச்சிருக்கலாம்.

அண்ணாச்சி பொய்னு சொன்னதுக்கு எனக்கு இன்னொண்ணும் ஞாபகம் வருது. எங்க ஆச்சி வருசா வருசம் சுடலை கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிட்டுப் போவா, வில்லுப்பாட்டுல முத்துப்பட்டன் கதை. பாபநாசம் மலையில மாடு களவாண்டவங்களோட சண்டை போட்டுச் சாவான் பட்டன், பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில எறங்குவாங்க. ஆச்சிக்கு வரி வரியாத் தெரியும். பாடுறவருக்கும் அது எத்தனையாவது தடவையோ. ஆனாலும் அந்த எடம் வந்தா அவரு குரல் உடையும், ஆச்சி முந்தானைய வாயில வச்சு அழுவா, அழுது முடிச்சு மடியில முடிஞ்சு வச்சிருந்த பத்து ரூபாயக் கொண்டுபோய் குடுத்துட்டு வருவா. அதப் பொய்னு எங்க ஊர்ல ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல. பந்தியில இது எனக்குத் தோணல, வீட்டுக்கு வந்து ராத்திரி பாத்திரம் கழுவுறப்பதான் தோணுச்சு.

ஆனா முத்துப்பட்டன் செத்துப் பல காலம் ஆச்சு. அந்த அக்கா உயிரோட இருக்காவ. அவங்க கைய நான் எடுத்துக்கிட்டேன், கேக்காம எடுத்துக்கிட்டேன், அதுக்கு சம்பளமும் வாங்கிட்டேன். டிடிஎஸ் பிடிச்சு நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு அக்கவுண்ட்ல ஏறுனப்ப அந்த மெசேஜப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அண்ணாச்சி கேள்விய விட இதுதான் என்னைத் தூங்க விடல.

தை மாசம் ஊருக்கு வந்தப்ப போனேன். ஊர் அடையாளமே தெரியல, வாழை மறுபடி குலை தள்ளி நிக்குது, வீட்டுக்கு முன்னாடி தகரம் போட்டிருக்காவ. சுவத்துல கோடு மட்டும் அப்படியே, வெள்ளை அடிச்சும் மங்கலாத் தெரியுது. என்னை அடையாளம் தெரியுமோ தெரியாதோன்னு நின்னேன். “மைக்க வச்சுக்கிட்டு வந்த பிள்ளைலா நீ? உள்ள வா”ன்னாவ. காப்பி போட்டுக் குடுத்தாவ. நான் எல்லாத்தையும் சொன்னேன், இன்னொரு தரம் சொல்லச் சொன்னது, கயிற வெட்டினது, வேலைய விட்டது, அவங்க கைய நான் நடிச்சது. போன்ல அந்த சீனப் போட்டுக் காட்டுனேன். ரெண்டு தரம் பாத்தாவ. அந்தக் கை வர்ற எடத்துல போன வாங்கிக் கிட்டத்துல வச்சுக்கிட்டாவ.

“நான் இப்படியா செஞ்சேன்?”

“ஆமாக்கா.”

“எனக்குத் தெரியவே இல்ல.” கொஞ்ச நேரம் கழிச்சு, “இத எத்தனை தரம் எடுத்தாவ?”

“ஏழு தரம்.”

“துட்டு குடுத்தாவளா?”

“குடுத்தாவ.”

தலைய ஆட்டுனாவ. “என்கிட்ட ரெண்டு தரம் கேட்ட, என்ன.” அதுல குத்தம் இருந்துச்சா இல்லையான்னு என்னால சொல்ல முடியல. நான் மன்னிப்புக் கேட்டேன். அதுக்கு அவங்க பதில் சொல்லல, போன என் கையில குடுத்துட்டு, வெயில் எறங்குது, ஆடு வர்ற நேரம்னு எந்திரிச்சாவ. நிவாரணத்துல வாங்குனது ரெண்டு, குட்டி போட்டது ஒண்ணு, மூணு ஆடு. வாழைத் தோட்டத்துப் பக்கம் இருந்து வாய்ல இலையோட தன்னால வந்துச்சுங்க. வீட்டுக்குப் பின்னாடி முள்ளுப்படல் வச்சு ஒரு பட்டி, படலுக்குத் தாழ்ப்பாளும் இல்ல, முட்டுனா தொறந்துக்கும். நான் குட்டியத் தூக்கி கழுத்தத் தடவிப் பாத்தேன். மூணு ஆட்டுக்கும் கயிறே கெடையாது.